முடிவுறாப் பிக்கப் இயல்

1. பொருள் வரையறை

பாறை ஏறுவதற்கென்று கழற்றப்பட்டு, பாறையைக் காணாமலே பட்டறையில் நிற்கும் பழைய பிக்கப் வண்டி, அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வீட்டு முற்றங்கள்தோறும் காணப்படும் ஒரு பொருள். அதன் நிலைகள் மூன்று: ஓடும் நிலை, கழற்றிப் போட்ட நிலை, பாகம் வரக் காத்திருக்கும் நிலை. இவற்றுள் மூன்றாவதே இயல்பு. மற்ற இரண்டும் திரிபு.

இவ்வாய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி, 1979 முதல் 1985 வரை அமெரிக்காவில் விற்பனையான டொயோட்டாவின் நான்கு சக்கர இயக்கப் பிக்கப். பிற நாடுகளில் ஹைலக்ஸ் என்று ஓடியதும் இதுவே. ஆராய்ச்சிக்கு இது ஏற்றது என்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, எளிதில் சாவதில்லை. மற்றொன்று, சாகாத காரணத்தால் உரிமையாளர் கையில் நெடுங்காலம் அகப்பட்டுக்கொள்கிறது.

2. குலமுறை

இவ்வண்டியின் முன் ஆக்சில், வலமிடமாக ஒரே நேராக ஓடும் இரும்புக் கூடு. நான்கு மூலைகளிலும் லீஃப் ஸ்பிரிங். எஞ்சின் விசையை முன்பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் செயின் கிடையாது, எல்லாம் கியர். முதலில் வந்தது 2.2 லிட்டர் 20ஆர் எஞ்சின். 1981இல் 2,366 சி.சி. கொண்ட 22ஆர் வந்தது. அதன் பின் ஃபியூயல் இன்ஜெக்ஷன் பொருத்திய 22ஆர்இ வந்தது. திறன் ஏறத்தாழ 115 குதிரை. அவசரப்படும் குதிரை அவற்றுள் ஒன்றுகூட இல்லை.

1986இல் நேர் ஆக்சிலை நீக்கிவிட்டு, இரு முன்சக்கரங்களும் தனித்தனியே அசையும் டார்ஷன் பார் அமைப்பைக் கொண்டுவந்தார்கள். சாலையில் ஓட்டுவோருக்கு அது முன்னேற்றம். பாறைக்காரர்களுக்கோ கலியுகத்தின் தொடக்கம். 1986க்குப் பிந்தைய வண்டியை வாங்கி, கம்பெனி செய்த முன்னேற்றத்தை அறுத்தெறிந்து, பழைய நேர் ஆக்சிலை வெல்டிங் வைத்துப் பூட்டுவது இத்துறையில் இன்றும் நடக்கிற காரியம். பின்னோக்கிப் போவதற்கு முன்னோக்கிப் போவதைவிடச் செலவு அதிகம் என்பது இதனால் பெறப்படும்.

நேர் ஆக்சிலும் ஃபியூயல் இன்ஜெக்ஷனும் ஒரே வண்டியில் சேர்ந்து கிடைப்பதால் 1985ஆம் ஆண்டு மாதிரிக்குத் தனி மரியாதை உண்டு. அதே ஆண்டு வெளிவந்த 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தில் கதாநாயகன் ஏங்கிப் பார்க்கும் கறுப்பு வண்டி இந்த இனமே. ஏக்கம் படத்தோடு முடிந்துவிடவில்லை.

பின்பெட்டியின் வரலாறு கோழியில் தொடங்குகிறது. அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் வரி போட, பதிலடியாக அமெரிக்கா 1964 முதல் இறக்குமதி டிரக்குகளுக்கு 25 விழுக்காடு வரி விதித்தது. பெட்டியில்லாமல் வரும் வண்டிக்கு வரி குறைவு. எனவே ஜப்பானிலிருந்து வெறும் கேபினும் சேஸும் வந்திறங்க, கலிபோர்னியாவின் லாங் பீச்சில் பெட்டி மாட்டப்பட்டது. 1980இல் இந்தச் சந்தும் அடைபட்டது. அடைபட்ட பின்னும் பெட்டி கலிபோர்னியாவிலேயே தயாரானது. பெட்டி ஏன் சேஸுக்கு முன்பாகவே துருப்பிடிக்கிறது என்ற வாக்குவாதத்தில் கோழியையும் ஒரு கட்சியாகச் சேர்ப்பதே முறை.

3. துருவியல்

பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட மாநிலங்களில் துரு, வண்டியின் ஓர் உறுப்பு. கலிபோர்னியா, அரிசோனா போன்ற வறண்ட மாநிலங்களில் வெயில் பெயின்ட்டைத் தின்னும், இரும்பை விட்டுவைக்கும். ஆகவே விவரமறிந்தவர் பெயின்ட் உரிந்த வண்டியைத்தான் தேடுவார். பளபளப்பான வண்டியைக் கண்டால் கீழே படுத்து, சேஸைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் இரும்பு. பொத்தென்றால் பெயின்ட் மட்டுமே வண்டியைத் தாங்குகிறது.

துருப்பிடித்த போல்ட்டுகள் நால்வகைப்படும். அவையாவன: தானே கழல்வது, நட்டோடு சேர்ந்து சுற்றுவது, தலை மழுங்குவது, முறிவது. முதல் வகை நூல்களில் மட்டும் காணப்படும். நான்காம் வகையில் உள்ளே தங்கிய துண்டை எடுக்க, அதில் துளையிட்டு எடுப்பான் ஒன்றைச் செருகுவது வழக்கம். எடுப்பான் போல்ட்டைவிடக் கடினமான உருக்கு. அதுவும் உள்ளேயே முறிந்தால், முன்பு துளையிட முடிந்த இடத்தில் இனித் துளையிடவும் முடியாது.

லீஃப் ஸ்பிரிங்கின் கண்ணில் ஓடும் போல்ட் தனிச்சாதி. அது ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழலோடு ஒன்றாகிவிட்டிருக்கும். திருப்பினால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். இதற்கு மருந்து எண்ணெயன்று, நெருப்பு. ரப்பர் எரியும் நாற்றம் அடுத்த தெருவை எட்டும்போது பாதி வேலை முடிந்தது என்று கொள்ளலாம்.

4. டயர்த் தேற்றம்

தேற்றம்: பெரிய டயர் மாட்டியவன் முழு வண்டியையும் மாற்றுவான்.

நிறுவல்: நேர் ஆக்சில் வண்டியில் தரைக்கு மிக அருகே தொங்குவது டிஃபரன்ஷியல் கூடு. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் கூடு உயராது. ஆக்சிலை உயர்த்துவது டயர் ஒன்றே. அதுவும் விட்டத்தில் கூடுவதில் பாதியளவுதான். கம்பெனி டயரின் விட்டம் ஏறத்தாழ 28 அங்குலம். அதை எடுத்துவிட்டு 35 அங்குல டயர் மாட்டினால் கூடு உயர்வது 3½ அங்குலம், அதாவது சுமார் 9 சென்டிமீட்டர். இனி வருவன அனைத்தும் இந்த 9 சென்டிமீட்டரின் விலை.

35 அங்குல டயர் மட்கார்டில் உரசும். எனவே மட்கார்டை வெட்டுவர், அல்லது வண்டியை உயர்த்துவர், பெரும்பாலும் இரண்டும். வண்டியை உயர்த்தினால் ஷாக் அப்சார்பர் எட்டாது, பிரேக் ஹோஸும் எட்டாது, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி யூ-ஜாயின்ட் அதிரும். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குச் செல்லும் கம்பியும் சாய்வதால், பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானே திரும்பும். இதைத் தீர்க்க, வெறுத்து ஒதுக்கிய 1986க்குப் பிந்தைய வண்டியிலிருந்தே ஸ்டீயரிங் பாக்ஸை வாங்கி வந்து, கம்பியைக் குறுக்குவாக்கில் மாற்றிப் பூட்டுவர். டயர் கனமாகிவிட்டதால் பிரேக் பிடிக்காது. அதற்கும் பிந்தைய வி6 வண்டியின் பெரிய கேலிப்பரே கதி. பகை பாராட்டுவது ஆக்சிலோடு மட்டும் என்பது இத்துறையின் மரபு.

இனி இழுவை. டயர் பெரிதான அளவுக்கு வண்டி மேல் கியரில் ஓடுவது போலாகும். 4.10 விகிதமுள்ள கிரவுன் பினியன், நடைமுறையில் 3.3 என்று வேலை செய்யும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 75இல் போகும். எஞ்சின் மேடேறத் திணறும். ஆகவே இரு ஆக்சில்களையும் பிரித்து 5.29 கிரவுன் பினியன் மாட்ட வேண்டும். மாட்டியபின் கணக்குப் பார்த்தால் கிடைப்பது 4.23. அதாவது, பெருஞ்செலவுக்குப் பிறகு வண்டி ஏறத்தாழ முன்பிருந்த இழுவைக்கே வந்து சேர்கிறது. தேற்றம் நிறுவப்பட்டது.

5. முறிவு அழியா விதி

முறிவை ஆக்கவோ அழிக்கவோ இயலாது, இடம் மாற்றலாம்.

முன்சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே சுழலச் செய்வது பிர்ஃபீல்ட் எனப்படும் ஜாயின்ட். ஆறு உருண்டைகள் ஒரு மணிவடிவக் கிண்ணத்துக்குள் ஓடும் அமைப்பு அது. ஸ்டீயரிங்கை ஓரம்வரை ஒடித்து, சக்கரம் பாறையிடுக்கில் சிக்கியிருக்க, ஆக்சிலரேட்டரை மிதித்தால் கிண்ணம் 'டக்' என்று பிளக்கும். இதற்கு அஞ்சிக் குரோமோலி உருக்கில் செய்த ஜாயின்ட் வாங்குவோர் உண்டு. அதன்பின் அது முறிவதில்லை; ஹப்பைப் பிடிக்கும் ஸ்டட்டுகள் முறியும். அவற்றைப் பலப்படுத்தினால் கிரவுன் பினியனின் பல் போகும். அதையும் பலப்படுத்தினால் டிரான்ஸ்ஃபர் கேஸ். முதலில் முறிந்தது விலை குறைவான பாகம். ஒவ்வொரு முன்னேற்றமும் முறிவை அதைவிட விலை கூடிய பாகத்துக்கு நகர்த்துகிறது.

பிர்ஃபீல்ட் முறியாத வண்டியிலும் அதன் சீல் கசியும். டிஃபரன்ஷியல் ஆயில் வெளியேறிக் கிரீஸோடு கலக்க, சக்கரத்தின் உட்பக்கம் கறுப்புக் குழம்பு வடியும். அதைச் சீராக்கும் முறை ஆய்வாளர் கவனத்துக்குரியது. ஹப்பில் ஆறு ஸ்டட்டுகள். ஒவ்வொரு நட்டுக்கு அடியிலும் பிளவுபட்ட கூம்பு வாஷர் ஒன்று ஆழப் பதிந்திருக்கும். நட்டை முழுதும் கழற்றாமல் ஸ்டட்டின் நுனிக்குச் சமமாக நிறுத்திக்கொண்டு, பித்தளைக் கட்டை வைத்துத் தட்ட வேண்டும். எத்தனை தட்டுக்கும் அசையாத வாஷர், தட்டுபவர் சலித்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னதும் துள்ளி வெளியே விழும். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று எல்லாப் பட்டறைகளிலும் நம்பப்படுகிறது. அதன்பின் மடித்த பூட்டு வாஷரை நிமிர்த்தி, 54 மி.மீ. நட்டைக் கழற்றி, டிஸ்க்கோடு ஹப்பை இழுத்தால் ஸ்பிண்டில் தெரியும். அதையும் எடுத்துவிட்டு ஆக்சில் ஷாஃப்ட்டை உருவும்போது முழங்கைவரை குழம்பு. குற்றவாளி, அகல் விளக்களவே உள்ள ஓர் ஆயில் சீல். அதை மாற்ற ஐந்து நிமிடம். அதை அடைய அரைநாள்.

எஞ்சினுக்கும் இவ்விதி பொருந்தும். 22ஆர் எஞ்சினின் வார்ப்பிரும்பு பிளாக் எளிதில் தேயாது. தேய்வது டைமிங் செயினுக்குத் துணைநிற்கும் பிளாஸ்டிக் வழிகாட்டி. அது உடைந்தால் செயின் பக்கவாட்டில் ஆடி, அலுமினிய மூடியை அராவிக்கொண்டே போய்த் தண்ணீர் ஓடும் வழியைத் திறந்துவிடும். தண்ணீர் ஆயிலில் கலக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்தில் கடகடவென்ற சத்தம் கேட்டால், அது செயின் தரும் முன்னறிவிப்பு.

6. மந்தகதி இயல்

பிற வாகனத் துறைகள் வேகத்துக்குச் செலவழிக்கின்றன. இத்துறை மெதுவாகப் போவதற்குச் செலவழிக்கிறது.

முதல் கியர் 3.95, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.28, ஆக்சில் 4.10 எனில், பெருக்க வருவது ஏறத்தாழ 37. எஞ்சின் 37 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். ஐட்லிங்கில் 800 சுற்று என்று கொண்டால், கம்பெனி டயரில் வண்டியின் வேகம் மணிக்குச் சுமார் 2.9 கிலோமீட்டர். இது பாறைக்காரருக்குப் பாய்ச்சல். எனவே ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் இன்னொன்றைக் கோத்து, 5.29 கிரவுன் பினியனும் சேர்ப்பர். பெருக்கம் 109 ஆகும். 35 அங்குல டயரிலும் வேகம் மணிக்கு 1.2 கிலோமீட்டராகக் குறையும்.

சியரா நெவாடா மலையில், டாஹோ ஏரிக்கு மேற்கே உள்ள ரூபிகான் தடம் இத்துறையினரின் புண்ணியத் தலம். நீளம் சுமார் 35 கிலோமீட்டர். அந்தக் கியரில் கால் வைக்காமல் போனால் 28 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதே தடத்தை நடந்து கடப்பவர் இரவு வேறிடத்தில் தூங்கலாம். ஆனால் நடப்பவரிடம் இரண்டு டிரான்ஸ்ஃபர் கேஸ் இல்லை.

மெதுவான ஓட்டத்துக்கு உள்ள நியாயத்தையும் சொல்ல வேண்டும். வேகமாக மோதினால் பாகம் முறியும். ஊர்ந்தால் டயர் பாறையைக் கவ்வும். டயரில் காற்றை 12 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் ரப்பர் கல்லின்மேல் படிந்து, பிடிமானம் பெரிதும் கூடும். இத்துறையிலேயே அதிகப் பலன் தரும் மாற்றமும் செலவேயில்லாத மாற்றமும் இது ஒன்றுதான். இதைப் பற்றி யாரும் பெருமையடித்துக்கொள்வதில்லை என்பது கருதத்தக்கது.

7. கருவி இயல்

இவ்வண்டியில் பெரும்பாலான வேலைகளை 10, 12, 14, 17 மி.மீ. சாக்கெட்டுகளே முடித்துவிடும். இவற்றுள் அடிக்கடி வேண்டியது 10, காணாமற்போவதும் அதுவே. முன் ஹப்புக்கான 54 மி.மீ. சாக்கெட் வேறெதற்கும் உதவாது. ஆகையால் அது என்றும் தொலைவதில்லை. தேவையும் தொலைவும் நேர்விகிதத்தில் நிற்கும் என்பது பெறப்படும்.

8. புறனடை

இரு சக்கரங்களும் எப்போதும் ஒன்றாகச் சுழல வேண்டி, விலையுயர்ந்த லாக்கர் வாங்காமல் டிஃபரன்ஷியலின் உட்பற்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவோர் உளர். பாறையில் இது குறையற்ற தீர்வு. தார்ச் சாலையில் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் கீச்சிடும். இந்த ஒரு மாற்றம் மட்டும் மேலும் பாகம் வாங்கத் தூண்டுவதில்லை, டயர் நீங்கலாக.

9. தீர்ப்பு

கட்டி முடித்த வண்டியை விற்கும்போது, அதில் போட்ட பாகங்களின் விலைகூடத் திரும்புவதில்லை. கூலி கணக்கிலேயே வராது. எனவே இவ்வண்டி வேண்டுவோர், வேறொருவர் கட்டிக் களைத்ததை வாங்குவதே சிக்கனம். வாங்கியபின் துருவைத் தடுக்கலாம், சீலை மாற்றலாம், டைமிங் செயினைக் கவனிக்கலாம், காற்றை இறக்கலாம். டயரின் அளவில் மட்டும் கைவைக்கக் கூடாது.