புரட்டாசியில் ஏழு பேர்

1986இல் எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடி மாதம் எண்ணினால் பன்னிரண்டு பேர் இருப்போம். புரட்டாசியில் எண்ணினால் ஏழு பேர்.

ஜூன் 12இல் மேட்டூர் அணையைத் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி வாய்க்காலுக்கு வந்துவிட்டால், குறுவை புரட்டாசியில் அறுப்புக்கு நிற்கும். அதை ஒட்டியே சம்பா நடவு. மீதி ஐந்து பேரும் வயலில் நிற்பார்கள். கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டங்களும் அப்போதுதான். ஐப்பசி மழை இறங்குமுன் முடித்தாக வேண்டும். நாங்கள் ஆடியது மண் கோர்ட்டில். எங்கள் பக்கத்துக் களிமண் வெயிலில் வெடிக்கும், மழையில் பந்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் வல்லத்துச் செம்மண்ணை லாரியில் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் தெளித்து, கல் உருளையை நாங்களே இழுப்போம். மூன்று புள்ளிக் கோடு சர்வதேச விதிக்குள் வந்தது 1984இல். வளையத்துக்கு நேர் கீழே முளையடித்து, 6.25 மீட்டர் கயிறு கட்டி, பி.டி. சார் சுண்ணாம்பால் வளைத்துப் போட்டார். கோலம் பார்ப்பதுபோல் சுற்றி நின்று பார்த்தோம்.

எங்கள் சென்டர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பையன். ரீபவுண்டுக்கு அவன் எழும்பினால் மற்றவர்கள் கையை இறக்கிவிடுவார்கள். அந்த வருஷ அரையிறுதியில் அவன் இல்லை. முதல் இருபது நிமிஷம் எப்படியோ சமாளித்தோம். இடைவேளையில், தலையில் வைக்கோல் தூசியோடு ஓடி வந்தான்.

"பஸ் கெடைக்கல சார். களத்துல ஆளில்ல, அப்பா ஒண்டியா நிக்கிறாரு. சொல்லிட்டு வந்துட்டேன்."

"கால காட்டுடா."

விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண் வெடித்துக் கிடந்தது. கான்வாஸ் ஷூவுக்குள் கால் நுழையவில்லை. சார் அவனை ஆடவிடவில்லை. இரண்டாம் பாதியில் எங்களில் மூன்று பேர் ஐந்தாவது பவுலில் வெளியேற, நான்கு பேராக நின்று தோற்றோம். அவன் பெஞ்சில் அழுதுகொண்டிருந்தான். தோற்றதை மறந்துவிட்டேன், அந்தக் கால்களை மறக்க முடியவில்லை. படிப்பும் ஆட்டமும் வயலும் ஒரு பையனை ஆளுக்கொரு பக்கமாக இழுத்த அந்தக் காலம் திரும்பி வரவேண்டாம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

2017 புரட்டாசியில் கல்லூரிக்குப் போயிருந்தேன். சிமெண்ட் கோர்ட், விளக்குக் கம்பங்கள். இருபது நிமிஷப் பாதிகள் போய்ப் பத்து நிமிஷக் கால் பகுதிகள் வந்துவிட்டன. முப்பது விநாடிக்குள் எறிய வேண்டிய பந்தை இருபத்து நான்குக்குள் எறிய வேண்டும். மூன்று புள்ளிக் கோடும் 6.75 மீட்டருக்குத் தள்ளிப் போயிருந்தது. பையன்கள் எங்களைவிட அழகாக ஆடினார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெஞ்சைப் பார்த்தேன். பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். மனசு நிறைந்துபோனது.

"வீட்ல வயல் இருக்காப்பா?" என்று ஒருவனைக் கேட்டேன்.

"இருக்கு சார். ஆத்துப் பாசனம். இந்த வருஷம் குறுவை போடல."

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை. அந்த 2017இல் திறந்ததே அக்டோபர் 2இல்தான். போர்வெல் வைத்திருந்தவர்கள் குறுவை போட்டார்கள். ஆற்றை நம்பியவர்களுக்குத் தரிசுதான் மிச்சம். நாங்கள் ஏங்கிய முழு பெஞ்சு அப்படித்தான் வாய்த்தது. அதன்பின் அங்கே உட்கார்ந்து ஆட்டம் பார்க்க என்னால் முடியவில்லை.

2020இல் சொன்ன தேதிக்கு, ஜூன் 12இலேயே, தண்ணீர் வந்தது. கொரோனாவில் கல்லூரி பூட்டிக் கிடந்தது. புரட்டாசியில் சென்டரிடமிருந்து போன்.

"குறுவை நல்லா கண்டிருக்குடா. மெஷின் இறங்கியிருக்கு. வந்து பாரு."

"சேத்துப்புண்?"

"அறுப்புக்குத்தான்டா மெஷினு. நாத்தங்கால்ல நான்தானே நிக்கிறேன்."