ஏழை டிரோனுக்கேற்ற ரிசீவர்: ஒரு முன்னாய்வின் முன்னுரை

ரிசீவர் என்பது யாது? ரிமோட் சொல்வதைக் கேட்டு பிளைட் கன்ட்ரோலரிடம் போய்க் கோள் சொல்வது. பொருள் இவ்வளவே. இவ்வளவோடு நிறுத்தினால் முனைவர் பட்டம் கிடைக்காதாதலின், ஆய்வு ஈண்டுத் தொடர்கிறது.

கோள் சொல்லும் முறையால் ரிசீவர் ஐவகைப்படும்.

முதலாவது பிடபிள்யூஎம். சேனலுக்கு ஓர் ஒயர். ஒவ்வொன்றிலும் 1000 முதல் 2000 மைக்ரோசெகண்ட் வரை நீளும் துடிப்பு. இன்றைய சிறு போர்டுகளில் இத்தனை ஒயருக்கு இடமில்லை.

இரண்டாவது பிபிஎம். எல்லாச் சேனலும் ஒரே ஒயரில் வரிசையாக வரும். வரட்டும்.

மூன்றாவது எஸ்பஸ். ஆய்வாளனுக்கு விருந்து இங்கேதான். ஃபுட்டாபா தந்த இம்முறையில் 16 சேனல்கள் நொடிக்கு 1,00,000 பிட் வேகத்தில் ஓர் ஒயரில் ஓடும். ஆனால் தலைகீழாக ஓடும். வழக்கமான சீரியல் தொடர்பில் வோல்டேஜ் உயர்ந்திருக்க வேண்டிய இடத்தில் இதில் தாழ்ந்திருக்கும். போர்டின் மூளையான எஸ்டிஎம்32 சிப் குடும்பத்தில் எஃப்3, எஃப்7 சிப்கள் தாமே நிமிர்த்திப் படித்துக்கொள்ளும். எஃப்4-க்கு அது வராது. ஆகவே எஃப்4 போர்டு செய்வோர் ஓரிடத்தில் மட்டும் தனி இன்வெர்ட்டர் வைத்து, பக்கத்தில் எஸ்பஸ் என்று பொறித்து வைப்பர். வேறிடத்தில் பற்றவைத்தவன் இரவெல்லாம் விழித்திருப்பான்.

ஏன் தலைகீழ்? உரைகாரர் மூவணியாகப் பிரிந்தனர். முதலணி, கேட்பதே பிழை என்றது. இரண்டாமணி, எஸ்பஸ் நேரானது, மற்ற உலகமே தலைகீழ் என்றது. இவ்வணியின் மூலநூல் கிடைக்கவில்லை. அதற்கான மறுப்புரையும் கிடைக்கவில்லை. மறுப்புரைக்கு மறுப்பாக ஒருவர் டீக்கடைக் கணக்கு நோட்டின் ஓரத்தில் கிறுக்கிய குறிப்பு மட்டும் கிடைக்கிறது (மூன்றாம் வரி, நான்காம் வரி பால் பாக்கி எனச் சிலரும், அதுவே ஆசிரியரின் இறுதி நிலைப்பாடு எனச் சிலரும் கொள்வர்). மூன்றாமணி, எஸ்பஸ் நம் முன்னோர் கண்டதே, ஆதாரம் கரையான் தின்ற ஓலையில் இருந்தது என்றது. கரையான் தின்ற ஓலையே ஆராய்ச்சிக்கு உகந்தது, எதிர்த்துப் பேசாது. அதைக் கொண்டு பட்டம் பெற்றோர் பலர் இன்று துறைத்தலைவர்கள்.

நான்காவது ஐபஸ். ஃப்ளைஸ்கையினுடையது, வேகம் 1,15,200, தலைகீழ் இல்லை. எஃப்4 போர்டிலும் தொல்லை தராது. ஆதலின் ஆய்வுக்குத் தகுதியற்றது.

ஐந்தாவது சிஆர்எஸ்எஃப். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் ரிசீவர்கள் பேசுவது இதையே. இருவழிப் பேச்சு என்பதால் பேட்டரி நிலவரமும் ரிமோட்டுக்குத் திரும்பி வரும். ரிசீவரின் டிஎக்ஸை (சொல்லும் முனை) போர்டின் ஆர்எக்ஸோடும் (கேட்கும் முனை), ஆர்எக்ஸை டிஎக்ஸோடும் இணைக்க வேண்டும். மென்பொருள் எல்லோருக்கும் திறந்திருப்பதால் பல கம்பெனிகள் போட்டியிட்டுச் செய்கின்றன. மலிவுக்கு அதுவும் ஒரு காரணம். புதிதாகத் தொடங்குவோர் 2.4 கிகாஹெர்ட்ஸில் இவ்வகை ரிசீவரை வாங்கினால் போதும். மலிவாகக் கிடைக்கிறதே என்று 915 மெகாஹெர்ட்ஸ் மாடலை வாங்க வேண்டாம். அந்த வட்டாரத்தில் இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்த விடப்பட்டிருப்பது 865 முதல் 868 வரையே. இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளற்க.

இனி மலிவு. நெடுநாள் ஆராய்ந்து கண்ட முடிபு யாதெனின், ரிமோட் வாங்கிய அன்றே ரிசீவரும் முடிவாகிவிட்டது. ஃப்ளைஸ்கை ஐ6 ரிமோட்டை அப்படியே வைத்திருப்பவர் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் ரிசீவரைப் பாதி விலைக்கு வாங்கினாலும் இரண்டும் ஒன்றையொன்று அறியா. அவருக்குரியது ஐஏ6பி. அது பிடபிள்யூஎம், பிபிஎம், ஐபஸ் மூன்றையும் தரும். ஒரே பொருள் மூன்று வகையிலும் அடங்குவது மேற்கண்ட வகைப்பாட்டைக் குலைப்பதால், இச்செய்தியை அடிக்குறிப்பில் ஒளிக்குமாறு நெறியாளர் பணித்தார்.

ஃபெயில்சேஃப்: சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டும். சரியாக அமைக்காத ரிசீவர் கடைசியாகக் கேட்டதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். கருத்தரங்குகளிலும் இவ்வழக்கு உண்டு.

எல்லாம் பொருத்தியபின் பீட்டாஃப்ளைட் மென்பொருளில் ரிசீவர் பக்கத்தைத் திறந்து சேனல் வரிசை ஏஇடிஆரா, டிஏஇஆரா (டி என்பது த்ராட்டிலின் இடம்) என்று பார்க்க. மாறியிருந்தால் த்ராட்டிலை உயர்த்தும்போது வேறொரு பட்டை அசையும். இச்சோதனைக்கு முன் ப்ரொப்பெல்லர்களைக் கழற்றிவிட வேண்டும். இவ்விடத்தில் மட்டும் மூவணி உரைகாரரும் ஒத்த கருத்தினர்; சிலர் விரலில் கட்டோடு.