பகா எண்ணுக்குச் சட்டை மாட்டுவது எப்படி?

முதலில் ஒரு பகா எண்ணைப் பிடியுங்கள். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எவருக்கும் வகுபடாத முசுடு அது. உங்களுக்காக 127-ஐ எடுத்து வைத்திருக்கிறேன். பார்க்க ஒன்றுமில்லை, டவுன் பஸ் நெற்றியில் எழுதியிருக்கிற நம்பர் மாதிரி இருக்கும். இதை வைத்துத்தான் வீட்டுக்கு வருகிறவர்களை அசத்தப் போகிறோம்.

நமக்குப் பத்து விரல். அதனால் பத்தில் எண்ணுகிறோம். அந்தப் பழக்கத்தைக் கழற்றிக் கொடியில் போடுங்கள். இரண்டின் அடிமானத்தில் வலக்கோடி இடத்துக்கு மதிப்பு 1. இடப்பக்கம் நகர நகர 2, 4, 8 என்று இரட்டிக்கும். 64 வரை எல்லாவற்றிலும் ஒன்று போட்டுக் கூட்டினால் 127. ஆக, நம் ஆள் 1111111. ஏழு பொத்தான் வைத்த கோட்டு!

இந்த ரகத்துக்கு மெர்சன் பகா எண் என்று பெயர். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட ஒன்றைப் பத்தின் அடிமானத்தில் எழுத 4,10,24,320 இலக்கம் வேண்டும். இரண்டில் என்றால் அச்சகத்துக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: 'ஒன்று போடுப்பா, 13,62,79,841 தடவை.'

கோட்டு பிடிக்காதவர்கள் ஒன்பதுக்குப் போகலாம். அங்கே 127 என்பது 151. எந்தப் பக்கம் வாசித்தாலும் ஒன்றே. மாலைமாற்று, விகடகவி ஜாதி.

ஒரு எச்சரிக்கை. 126-இன் அடிமானத்தில் 127-ஐ 11 என்று எழுதிக் காட்டி மீசையை முறுக்குகிறவர்கள் உண்டு. நம்பாதீர்கள். எந்த எண்ணையும் அதற்கு ஒன்று குறைந்த அடிமானத்தில் எழுதினால் 11-தான். பகா எண்ணே அல்லாத 100-கூட 99-இல் 11. தெருவோரத்தில் எல்லா அளவுக்கும் ஒரே சட்டை விற்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. 128-க்கு மேலே போனால் ஒரே குறியில் முடிந்துவிடும். அத்தனை குறிக்கு எங்கே போவது என்று கவலை வேண்டாம், தமிழில் 247 எழுத்து இருக்கிறது.

உண்மையான பகட்டு 31-இடம்தான். இரண்டில் 11111, ஐந்திலோ 25, 5, 1 சேர்ந்து 111. இப்படி இரண்டு அடிமானங்களில், மூன்று இலக்கத்துக்குக் குறையாமல், முழுக்க ஒன்றுகளாகவே நிற்கிற எண்களில் இன்னொன்று 8191. இரண்டில் பதின்மூன்று ஒன்று, 90-இல் 111. மூன்றாவது ஆள் கிடையாது என்று 1917-இல் கூர்மாக்டிக் என்ற பெல்ஜியக்காரர் ஊகித்தார். ஊகம் இன்னும் நிரூபணமாகவில்லை. மூன்றாவது ஆளும் வந்து சேரவில்லை.

துவைக்கும்போது கவனம். 127-இன் ஏழு ஒன்றில் எதைச் சுழியாக்கினாலும் மிஞ்சுவது 126, 125, 123, 119, 111, 95, 63. ஒன்றுகூடப் பகா எண் இல்லை. ஒரு பொத்தான் அறுந்தால் ஆளே காலி. இரண்டின் அடிமானத்தில் இவ்வளவு நோஞ்சானான பகா எண்களில் இதுவே மிகச் சிறியது. பத்தில் அந்தப் பெருமை 294001-க்கு.

கையில் இருப்பது 19 என்றால் இந்தக் குறிப்பை மடித்துப் பரணில் போட்டுவிடுங்கள். 2 முதல் 17 வரை எந்த அடிமானத்திலும் அது மாலைமாற்று ஆகாது. 18-இல் 11 என்று வரும். அது எந்தக் கடைச் சட்டை என்று மேலேயே சொல்லிவிட்டேன்.