தளர்வதற்கும் ஒரு பாடத்திட்டம்

தசைத் தளர்வுப் பயிற்சியை வகுத்தவர் அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன். தசை தளர்ந்தால் மனமும் தளரும் என்பது அவர் கணக்கு. முஷ்டியைச் சில நொடி இறுக்கிப் பிடித்து, சட்டென்று விட வேண்டும். இறுக்கம் எது, தளர்வு எது என்று அப்போதுதான் உறைக்கும். பிறகு தோள், தாடை, நெற்றி. பொதுமக்களுக்காக 1934-இல் அவர் எழுதிய நூலின் தலைப்பு, ‘நீங்கள் தளர்ந்தே ஆகவேண்டும்’. மிரட்டலுக்குக் குறைவில்லை. அவருடைய மூல முறையில் பயிற்சி மாதக்கணக்கில் நீளும். அவ்வளவு அவகாசம் உள்ளவருக்கு மன அழுத்தம் எங்கிருந்து வருமோ! பின்னாளில் மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் அந்தப் பயிற்சியைச் சில அமர்வுகளாகச் சுருக்கினார். அலுவலகங்களோ அதை மதிய இடைவேளைக்குள் அடக்கிவிட்டன. மேலாளர் எதிரே முஷ்டியை இறுக்குவதில் ஊழியர்களுக்குச் சிரமமே இல்லை. விடுவதில்தான் கூடுதல் பயிற்சி தேவைப்படுகிறது.