சூரியன் மேல் பழி போடலாமா?

கேள்வி: வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறுகிறதே, சூரியனே சூடாகிவிட்டதா?
– ஒரு வாசகர், சித்தூர்

பதில்: பாவம், அவரை விட்டுவிடுங்கள்! செயற்கைக்கோள்கள் 1978 முதல் அவரைக் கண்காணிக்கின்றன. பூமிக்கு வரும் ஆற்றல் சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட். 11 ஆண்டுச் சுழற்சியில் அது ஏறி இறங்குவது ஆயிரத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு சீராகப் படியளக்கும் முதலாளி வேறு யார்? புற ஊதாக் கதிர்களில் மட்டும் ஏற்ற இறக்கம் அதிகம். அது மேல் வளிமண்டலத்தைத்தான் ஆட்டிவைக்கும். அந்த உயரங்களை ஆராயும் ரேடார் நீங்கள் திருப்பதி போகும் வழியிலேயே, காதங்கியில் இருக்கிறது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா-எல்1 விண்கலம் சூரியனைப் புற ஊதாவிலும் படமெடுக்கிறது. வெயில் ஏறுவதற்குக் காரணம் நாம் எரிக்கும் நிலக்கரியும் பெட்ரோலும். குற்றவாளியைத் தேட அண்ணாந்து பார்க்க வேண்டாம், புகைபோக்கியைப் பாருங்கள்.