அரபு மண்ணில் நாற்று நட்டவர்

கேள்வி: வெளியிலிருந்து வந்த இஸ்லாம், தமிழ்ப் பண்பாட்டுக்கு அப்படி என்னதான் செய்துவிட்டது?

பதில்: உமறுப்புலவரிடம் கேளுங்கள். 17-ஆம் நூற்றாண்டில் நபிகள் நாயகத்தின் வரலாற்றை 5,027 விருத்தங்களில் சீறாப்புராணமாகப் பாடியவர். அதன் நாட்டுப்படலத்தைப் புரட்டினால், மழை கொட்டி, மலையிலிருந்து வெள்ளம் இறங்கி, வயலெல்லாம் நிறைந்து, உழத்தியர் நாற்று நடுகிறார்கள். எங்கே? அரபு நாட்டில்! கம்பர் கோசலத்துக்குச் செய்ததை இவர் பாலைவனத்துக்கே செய்து காட்டிவிட்டார். தமிழனைத் தவிர வேறு யாருக்கு இந்தத் துணிச்சல் வரும்?

கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து என்று புது இலக்கிய வகைகள் தமிழுக்கு வந்ததும் இஸ்லாமியப் புலவர்களால்தான். பதிலுக்கு மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. இஸ்லாமிய ஞானக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு மீது நான்மணிமாலை பாடியவர் திருத்தணிகை சரவணப்பெருமாளையர். நாகூர் தர்காவின் மிக உயரமான மினாரைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்.

இவ்வளவுக்குப் பிறகும் ‘வெளியிலிருந்து’ என்று பிரித்துப் பேசுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. சீறாப்புராணம் உரையோடு அச்சில் இருக்கிறது. வாங்கிப் படியுங்கள், நாட்டுப்படலத்திலிருந்தே தொடங்குங்கள்.