தோட்டத்துக் கேள்விகள்

செம்பனைக் குலை பழுத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள அண்ணாந்து பார்ப்பதைவிடத் தரையைப் பார்ப்பது நல்லது. மரத்தடியில் சில பழங்கள் உதிர்ந்து கிடந்தால் குலை வெட்டத் தயார். வெட்டுப்பட்ட குலை கீழே விழும்போது இன்னும் நிறைய சிதறும். எண்ணெய் நன்றாக ஏறிய பழங்கள் அவைதாம். மலேசியாவில் லுக்குட்டை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் அவற்றைப் பொறுக்குவது பெண்களின் வேலையாக இருந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, அம்மா பால் வாளியை வைத்துவிட்டுச் சாக்கைத் தூக்கினார். அப்பா முன்னால் குலை வெட்டிக்கொண்டு போவார். அம்மா குனிந்தபடியே பின்னால் போவார். மட்டை முள் விரலில் ஏறும். விடியற்காலை ஆளெண்ணும் பெரட்டில் நேராக நின்ற முதுகு மாலையில் நிமிராது. சாக்கில் இலையும் மண்ணும் சேர்ந்துவிட்டால் ஆலையில் குறை சொல்வார்கள். அந்தக் குறை கங்காணி வாய் வழியாக அம்மாவிடம் வந்து சேரும்.

1980களில் நான் பொறியியல் படிக்கப் போனேன். இறுதியாண்டுத் திட்டத்துக்கான தலைப்புகளைப் பட்டியலாக ஒட்டியிருந்தார்கள். எனக்கு எஃகு உத்தரத்தின் வளைவு கிடைத்தது. கணக்கு சரியாக வந்தது. அறிக்கை அட்டை போட்டு நூலக அலமாரிக்குப் போனது. யாரும் கேட்காத கேள்விக்கு எழுதிய பதில் அது; அதைத் தேடி யாரும் வரவில்லை. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் அம்மா முதுகில் தைலம் தேய்க்கச் சொல்வார். அந்த முதுகும் ஓர் இயந்திரவியல் கேள்விதான் என்று எனக்குச் சொல்லித் தர அப்போது ஒருவரும் இல்லை.

உலகில் வேறு இடத்தில் சொல்லித் தந்துகொண்டிருந்தார்கள். லுக்குட்டுக்குப் பக்கத்துப் போர்ட்டிக்சனில் ஷெல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கிய அதே 1963இல், அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரி 'கிளினிக்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. ஒரு நிறுவனம் தனக்கு உண்மையிலேயே இருக்கும் சிக்கலையும் அதற்கான பணத்தையும் கொண்டுவரும்; நாலைந்து மாணவர்கள் ஒரு கல்வியாண்டு முழுக்க அதோடு மல்லுக்கட்டுவார்கள்; நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் அவர்களோடு தொடர்பில் இருப்பார். எங்கள் தோட்டத்துப் பையன்கள் சிலர் போர்ட்டிக்சன் பக்கம் வெல்டிங் வேலைக்குப் போனார்கள். அங்கே அவர்கள் கையைத்தான் கேட்டார்கள், யோசனையைக் கேட்கவில்லை.

2009இல் மலேசியா, பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்பினரானது. இப்போது இங்கே அங்கீகாரம் பெறும் பொறியியல் படிப்பில் வடிவமைப்புத் திட்டம் கட்டாயம். அதற்கான கேள்விகளை நிறுவனங்களே அனுப்பும் வழக்கமும் வளர்ந்துவருகிறது. இதை மனதார வரவேற்கிறேன். அண்ணன் மகளின் குழுவுக்கு ஒரு தோட்ட நிறுவனம் பணமும் சோதனை நிலமும் தந்தது. கேள்வி: உதிர்ந்த செம்பனைப் பழத்தை எப்படிச் சேகரிப்பது? குலை வெட்ட மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் சந்தாஸ் மோட்டார் அரிவாள் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பொறுக்குவது இன்னும் பெரும்பாலும் கைதான்.

சோதனைக்கு லுக்குட் பக்கம் வந்தார்கள், நானும் போனேன். லயத்து வீடுகள் இல்லை, கோயில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் சிரம்பானுக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டார்கள். பழம் பொறுக்குபவர் லொம்போக்கிலிருந்து வந்த ஓர் அக்கா. மாணவர்களின் உறிஞ்சும் இயந்திரம் பட்டறையின் சிமெண்டுத் தரையில் நன்றாக ஓடியதாம். இங்கே முந்தின இரவு மழை. குழாய் வாயில் ஈர மண்ணும் காய்ந்த இலையும் அப்பிக்கொண்டன, மோட்டார் முனகி நின்றது. அந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து, புறங்கையால் இலையை ஒதுக்கிவிட்டு, விரல்களை அகல விரித்துத் தரையோடு தரையாக இழுத்தார். மண் விரலிடுக்கில் வழிய, பழம் மட்டும் உள்ளங்கையில் நின்றது.

"சித்தப்பா, பாட்டியும் இப்படித்தான் எடுப்பாங்களா?"

ஆமாம் என்றேன். குழாயைக் கழற்றி வைத்துவிட்டு அங்கேயே காகிதத்தில் வரைய ஆரம்பித்தார்கள். முதலில் இலையை ஒதுக்கும் தூரிகை, பிறகு பழத்தை மட்டும் பிடிக்கும் உருளும் கம்பிக் கூண்டு. மோட்டார் வேண்டாம், எடை குறையட்டும் என்றாள் அண்ணன் மகள். பணம் தருபவர் அனுப்பிய கேள்வித்தாளில் மண்ணும் மழையும் இருக்கவில்லை. நிறுவனம் கேள்வி அனுப்பினால் மட்டும் போதாது, வேலை செய்கிறவரையும் முதல் வாரமே கூட்டிவர வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. வடிவமைப்பு நிறுவனத்துக்கே சொந்தம் என்று மாணவர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். செலவு செய்தவருக்கு உரிமை நியாயம்தான். ஆனால் அவர்கள் அதைக் கிடப்பில் போட்டால், சிறுதோட்டக்காரர் ஒருவர்கூட அந்தக் கூண்டைச் செய்துகொள்ள முடியாது. இத்தனை ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை மாணவர்களுக்குத் திரும்பும் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

உதிர்ந்த பழத்துக்குக் கூலி எடைக்கணக்கு. கருவி வந்தால் கிலோவுக்கான கூலியைக் குறைப்பார்களா என்று அண்ணன் மகள் அறிக்கையில் ஒரு பத்தி எழுதினாள். அது வடிவமைப்பில் வராது என்றார் நிறுவனத்துப் பொறியாளர். பிடிக்கும் கைக்காகத்தானே பிடியை வளைத்தோம், அந்தக் கையின் கூலி மட்டும் எப்படி வெளியே போகும் என்று கேட்டிருக்கிறாள். பத்தி அப்படியே இருக்கிறது. ஒப்படைப்பு நாளில் அந்த அக்காவும் மேடைக்கு வர நிறுவனம் சம்மதித்துவிட்டது. அன்றைய கூலியை யார் தருவது என்பதுதான் பாக்கி.

நான் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம் சித்தப்பா. அது திட்டச் செலவுலதான் வரணும்."